பெர்லினில் கேட்ட லார்கோ

2017ஆம் ஆண்டு பிப்ரவரியில், பெர்லின் பன்னாட்டுத் திரைப்பட விழா பாதி கடந்திருந்த ஒரு மாலையில், ஃபிரீட்ரிக்ஸ்டாட்-பாலஸ்ட் அரங்கின் மேல்தளத்தில் கடைசிக்கு முந்தைய வரிசையில் நானும் என் துணைவியும் அமர்ந்திருந்தோம். ஆண்டின் மற்ற நாள்களில் ஆட்டமும் பாட்டுமாக மேடை நிகழ்ச்சிகள் நடக்கும் அந்தப் பெரிய அரங்கில், அப்போதெல்லாம் விழா நாள்களில் மட்டும் திரை கட்டிப் போட்டிப் படங்களை மறுமுறை காட்டுவார்கள். அன்று நாங்கள் பார்த்தது சிலி நாட்டு இயக்குநர் செபாஸ்டியான் லேலியோவின் ‘எ ஃபென்டாஸ்டிக் வுமன்’.

சாண்டியாகோ நகரில் பகலில் உணவகத்தில் பரிமாறியும் இரவில் விடுதியில் பாடியும் பிழைக்கும் மரீனா ஒரு திருநங்கை. அவளைவிட வயதில் மிக மூத்த காதலர் ஓர் இரவில் திடீரென்று இறந்துவிடுகிறார். அதற்குப் பிறகு மருத்துவமனை அவளைச் சந்தேகிக்கிறது, காவல்துறை அவள் உடலைச் சோதிக்கிறது, இறந்தவரின் குடும்பம் வீட்டையும் காரையும் நாயையும் பறித்துக்கொண்டு, இறுதிச் சடங்கிற்கு வரக்கூடாது என்று சொல்லிவிடுகிறது. அவ்வளவு அவமானத்துக்கும் ஒரு முறைகூட நீண்ட வசனம் பேசி அவள் பதில் சொல்வதில்லை. படத்தின் முடிவில் ஒரு சிறிய அரங்கின் மேடையில், வாத்தியக்காரர்களுக்கு முன்னால் வந்து நின்று பாடுகிறாள்.

முதல் சுரம் எழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மெட்டு எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் நான் வளர்ந்த நாள்களில், எங்கள் ஆலயத்தில் பெரியப்பா ஆர்கன் வாசிப்பார். மணமகள் உள்ளே வரும் முன்னும், சவப்பெட்டி வெளியே எடுத்துச் செல்லப்படும்போதும், அவர் விரல்கள் தாமாகவே போய் நிற்கும் மெட்டு அது. ‘ஹேண்டலின் லார்கோ’ என்று தாளின் தலைப்பில் அச்சிட்டிருக்கும். ஓரம் மடங்கி, மெழுகுவர்த்திக் கறை படிந்த அந்தத் தாளைப் புரட்டிக் கொடுப்பதற்காகப் பல ஞாயிற்றுக்கிழமைகள் பெரியப்பாவின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சொற்களே இல்லாத ஒரு தொழுகைப் பாட்டு என்றுதான் முப்பது வயது வரைக்கும் அதை நினைத்திருந்தேன்.

அது தொழுகைப் பாட்டே அல்ல. 1738ஆம் ஆண்டு லண்டனில் அரங்கேறிய, இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘செர்ஸே’ என்னும் இசை நாடகத்தின் தொடக்கத்தில், பாரசீக மன்னன் ஒரு மரத்தைப் பார்த்து, இதைப்போன்ற இனிய நிழல் வேறெந்த மரத்துக்கும் இருந்ததில்லை என்று உருகிப் பாடும் காதல் பாட்டு. முதன்முதலில் அதைப் பாடியவர் கஃபரெல்லி என்ற பாடகர். பிள்ளைப் பருவத்திலேயே விதையடிக்கப்பட்டு, அதனால் குரல் உடையாமல் பெண்ணுக்குரிய உச்சத்தில் நின்ற ஆண் பாடகர்களின் மரபில் வந்தவர். அந்த நாடகம் அப்போது ஐந்து முறைதான் மேடையேறியது. பின்னர் அந்த ஒரு பாட்டு மட்டும் சொற்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆர்கன் மெட்டாகத் தேவாலயங்களுக்குள் நுழைந்து, கடல் தாண்டித் தாமிரபரணிக் கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது. கோயிலில் நடக்கும் இறுதிச் சடங்கிலிருந்து துரத்தப்பட்ட ஒரு திருநங்கை, உலகம் முழுவதும் கோயில்களில் வாசிக்கப்படும் அதே மெட்டைத் தன் சொந்தக் குரலில் பாடி முடித்ததைக் கண்டபோது, எனக்குத் தொண்டை அடைத்தது. மரீனாவாக நடித்த டேனியலா வேகா தாமே ஒரு திருநங்கை, செவ்வியல் இசை பயின்ற பாடகி. திரைக்கதைக்கு ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட அவரைச் சந்தித்துப் பழகிய பிறகுதான், இந்தப் பாத்திரத்துக்கு வேறு யாரையும் தேட வேண்டியதில்லை என்று இயக்குநர் முடிவு செய்தார்.

அந்த ஆண்டு அப்படத்துக்கு விழாவின் சிறந்த திரைக்கதைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. அத்துடன், எனக்கு அதைவிட நெருக்கமான இன்னொரு கரடியும் கிடைத்தது. அதன் பெயர் டெடி.

பெர்லின் நகரின் சின்னம் கரடி என்பதால் விழாவின் பெரிய விருதுகள் பொன்னிலும் வெள்ளியிலும் கரடி வடிவம் கொண்டவை. 1987இல் மான்ஃபிரெட் சால்ட்ஸ்கெபெர், வீலாண்ட் ஷ்பெக் என்ற இரு நண்பர்கள், தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரைப் பற்றிய படங்களுக்கென்று விழாவுக்குள்ளேயே ஒரு பரிசைத் தொடங்கியபோது, கொடுப்பதற்கு அவர்களிடம் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் பஞ்சுக் கரடி பொம்மையைத்தான் முதல் விருதாகக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் அன்று அவ்வளவாகப் பெயர் பெறாத இருவர். ஒருவர் ஸ்பெயினின் பெத்ரோ அல்மொதோவார், மற்றவர் குறும்படங்களோடு வந்திருந்த அமெரிக்கர் கஸ் வான் சான்ட். 1992இல்தான் விழா நிர்வாகம் டெடியைத் தன் முறையான விருதுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பிற்பாடு கேலிச்சித்திரக் கலைஞர் ரால்ஃப் கூனிக் வரைந்த வடிவில் உலோகக் கரடி வந்தது. எனக்கென்னவோ, அந்தப் பஞ்சுக் கரடியின் மேல்தான் மனம் போகிறது.

எப்படிப்பட்ட நாளில் அந்தப் பொம்மை கைமாறியது என்பதையும் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் நோய்க்கு உருப்படியான மருந்து இல்லாத காலம் அது. நோயைவிட வேகமாக அச்சமும் வெறுப்பும் பரவிய காலம். சால்ட்ஸ்கெபெர், பெர்லினில் ‘பிரின்ஸ் ஐசன்ஹெர்ட்ஸ்’ என்ற புத்தகக் கடையை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர், திரையரங்கு நடத்தியவர், விழாவின் பனோரமா பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1985இல் ஆர்தர் பிரெசன் எடுத்த ‘பட்டீஸ்’, எய்ட்ஸ் நோயாளி ஒருவரைப் பற்றி வந்த முதல் முழுநீளக் கதைப்படம். அதை ஜெர்மனியில் வெளியிட ஒருவரும் முன்வராததால், சால்ட்ஸ்கெபெர் தாமே ஒரு விநியோக நிறுவனத்தைத் தொடங்கினார். பிரெசன் 1987இல் அதே நோயால் இறந்தார். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு 1994இல் ஒருவழியாக நீக்கப்பட்டது. அதே ஆண்டில் சால்ட்ஸ்கெபெரும் எய்ட்ஸால் மறைந்தார். டெடி விருது விழாவில் இன்று ஒலிக்கும் இசையையும் நள்ளிரவைத் தாண்டும் ஆட்டத்தையும் பார்த்து, இதெல்லாம் வெறும் கேளிக்கைதானே என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த இரண்டு சாவுகளையும்தான் சொல்வேன். நண்பர்களை வாரத்துக்கு ஒருவராகப் புதைத்துக்கொண்டிருந்தவர்கள் தொடங்கிய கொண்டாட்டம் அது.

அந்த முதல் ஆண்டிலேயே பாட்டும் கூட இருந்தது. அல்மொதோவாரின் ‘லா ஆஃப் டிசையர்’ படத்தில், பிரேசில் பாடகி மைசா உடைந்த குரலில் பாடிய ‘நெ மெ கித்தே பா’ ஒலிக்கிறது. என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சும் அந்த பிரெஞ்சுப் பாட்டுக்கு மேடையில் ஒரு சிறுமி வாயசைக்கிறாள். இறுதியில், காவல்துறை வீட்டைச் சூழ்ந்து நிற்க, காதலர் இருவருக்கும் மிஞ்சிய கடைசி நேரத்தில் லோஸ் பாஞ்சோஸ் குழுவின் பழைய பொலேரோ பாட்டு ஒன்று சுழல்கிறது. தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காதலை வசனத்தில் சொல்ல நாணி, அதை முழுவதுமாகப் பாட்டின் கையில் ஒப்படைத்துவிடுவது நமக்குப் பழகிய வழக்கம்தானே. ஆனால் நம் பாட்டுகளில் எனக்கு ஒரு பங்கு என்றும் கிடைத்ததில்லை. அவன் அவளைப் பார்த்துப் பாடுவான், அவள் அவனைப் பார்த்துப் பாடுவாள். இரண்டு குரல்களில் எதற்கு நான் வாயசைப்பது என்று தெரியாமலேயே பதின்பருவம் கழிந்தது. நான் படித்த கல்லூரியின் திரைப்படக் கழகத்தில், இரு பெண்கள் அன்பு கொள்ளும் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தபோது பொறுப்பாசிரியர் எழுந்து போய் விளக்கைப் போட்டார். மீதிப் படத்தை நான் பார்த்தது பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான்.

நாங்கள் குடியிருப்பது ஷூனபெர்க் பகுதியில். மேல்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் இருக்கிறார். கிழக்கு பெர்லினில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பிப்ரவரியிலும் எங்களோடு படம் பார்க்க வருவார். முட்டிவலி இருப்பதால் நடைபாதையை ஒட்டிய இருக்கைதான் வேண்டும் என்பார். அவருக்குக் கையுறை பின்னும் பழக்கம் உண்டு. சமையலறையில் உட்கார்ந்து கண்ணிகளை எண்ணிக்கொண்டே அவர் சொன்னதுதான் 1989ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவின் கதை.

கிழக்கு ஜெர்மனியில் தன்பாலீர்ப்பை மையமாக வைத்து எடுக்கப்பட்ட ஒரே முழுநீளக் கதைப்படமான ‘கமிங் அவுட்’ அன்றிரவுதான் கார்ல்-மார்க்ஸ் சாலையிலுள்ள கினோ இன்டர்நேஷனல் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இயக்கியவர் ஹைனர் காரோ. வந்த கூட்டத்துக்கு ஒரு காட்சி போதாதென்று அன்றிரவே இரண்டாம் காட்சியும் வைத்தார்கள். மேல்வீட்டு அம்மையார் தம் தோழியோடு போனது அந்த இரண்டாம் காட்சிக்கு. கதைநாயகன் ஃபிலிப் ஒரு பள்ளி ஆசிரியன். உடன் பணிபுரியும் பெண்ணோடு வாழத் தொடங்கியவன். இசைக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கும்போது முன்பு ஒரு முறை பார்த்திருந்த மத்தியாஸ் என்ற இளைஞனை மீண்டும் சந்தித்துக் காதல் கொள்கிறான். பிறகு அந்தக் கச்சேரி நாளில், தான் துணைவியோடு வந்திருக்கும் இடத்தில் மத்தியாஸ் எதிரே வந்து நிற்க, அவளைத் தன் மனைவி என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறான். அந்த இளைஞன் ஓடிப்போகிறான். படம் முழுவதிலும் நெஞ்சை அறுக்கும் இடம் அதுதான் என்று அம்மையார் சொல்வார். இசை கேட்கத்தான் அவ்வளவு பேரும் அங்கே வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவே ஒருவன் மட்டும் இனி எதையும் கேட்க முடியாதவனாகிவிடுகிறான். இறுதியில், வகுப்பறையில் மேலதிகாரிகள் பின்வரிசையில் அமர்ந்து கண்காணிக்க, மேசைமேல் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஃபிலிப்பைத் தலைமை ஆசிரியை அதட்டி அழைக்கிறார். அவன் ‘ஆம்’ என்ற ஒரே சொல்லைச் சொல்கிறான்.

அந்த ‘ஆம்’ காதில் ஒலித்துக்கொண்டிருக்க, தாமும் தோழியும் நள்ளிரவுக் குளிரில் வெளியே வந்தபோது, எல்லை திறந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு போனார்களாம். படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இருவருக்கும் அது காதில் ஏறவே இல்லையாம். சாலையில் டிராபண்ட் கார்கள் வழக்கமில்லாத நேரத்தில் வரிசையாக மேற்கு நோக்கிப் போவதைப் பார்த்த பிறகுதான் புரிந்திருக்கிறது. இரண்டு கதவுகள் ஒரே இரவில் திறந்தன, எதன் வழியாக முதலில் போவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்த் தேநீர் போட்டுக் குடித்தோம் என்றார். அடுத்த பிப்ரவரியில் அந்தப் படம் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடியையும் டெடியையும் சேர்த்தே வென்றது. அதே 1990இல் சிறந்த ஆவணப்படத்துக்கான டெடி, மார்லன் ரிக்ஸின் ‘டங்ஸ் அன்டைட்’ படத்துக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் தம் காதலைக் கவிதையாகவும் விரல் சொடுக்குத் தாளமாகவும் சொல்லும் படம் அது. பெர்லின் சுவர் இடிந்து சில மாதங்களே ஆன நகரில் இந்த இரண்டு படங்களும் ஒரே வாரத்தில் ஓடின என்பதை நினைக்கும்போதெல்லாம், அன்று நான் இங்கே இல்லாமல் போனேனே என்று ஏங்குகிறேன்.

ஆனால் பெர்லினில் இந்தப் பாட்டு 1987இலோ 1989இலோ தொடங்கியது அல்ல. 1919இல், முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டிலேயே, ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இந்நகரில் ‘ஆண்டர்ஸ் அல்ஸ் டி ஆண்டர்ன்’ என்ற படத்தை எடுத்து வெளியிட்டார். மற்றவர்களிலிருந்து மாறுபட்டவர்கள் என்பது தலைப்பின் பொருள். அதன் நாயகன் ஒரு வயலின் கலைஞன். தன்னிடம் பயில வரும் மாணவன்மீது அவன் கொண்ட அன்பை அறிந்த ஒருவன், 175ஆம் பிரிவைக் காட்டிப் பணம் பறிக்கிறான். நீதிமன்றம், அவமானம், கச்சேரி வாய்ப்புகளின் இழப்பு என்று அடுத்தடுத்து வந்து, அவன் தற்கொலையில் முடிகிறான். வயலின் கலைஞனாக நடித்தவர் கான்ராட் ஃபைட். படத்திலேயே மருத்துவராகத் தோன்றி, இது நோயும் அல்ல, குற்றமும் அல்ல என்று எடுத்துரைப்பவர், அதன் திரைக்கதையிலும் பங்கேற்ற மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். அதே ஆண்டில் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். பின்னாளில் தம் உலகப் பயணத்தில் 1931இல் இந்தியாவுக்கும் வந்தார்.

அது மௌனப் படம். திரையில் அவன் வில்லை இழுக்கிறான், நமக்கு ஒன்றும் கேட்பதில்லை. நான் பார்த்த காட்சியில் ஓரமாக அமர்ந்து ஒருவர் பியானோ வாசித்தார். மாணவன் முதன்முறையாக ஆசிரியரின் வீட்டுக்கு வரும் இடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி இருந்தார். அந்த அரை நிமிட அமைதியில் அரங்கிலிருந்த எல்லாரும் தத்தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு மெட்டைக் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். 1920இல் அந்தப் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டத் தடை விதித்தார்கள். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் மட்டுமே பார்க்கலாம் என்றார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அதன் ஒரு பகுதிதான். இடையில் காணாமல்போன காட்சிகளை எழுத்துப் பலகைகளாலும் நிழற்படங்களாலும் நிரப்பியிருக்கிறார்கள்.

படத்தைத் தடை செய்த அதே 1920இல் அதன் தலைப்பு ஒரு பாட்டுக்குள் குடியேறியது. ‘தஸ் லீலா லீட்’, அதாவது ஊதாப் பாடல். நாங்கள் மற்றவர்களிலிருந்து மாறுபட்டவர்கள்தாம் என்று அதன் பல்லவியே தலை நிமிர்ந்து சொல்கிறது. எழுதியவர் குர்ட் ஷ்வாபாக். மெட்டமைத்தவர் மிஷா ஷ்போலியன்ஸ்கி, ஆர்னோ பில்லிங் என்ற புனைபெயரில். ஹிர்ஷ்ஃபெல்டுக்கு அதைக் காணிக்கையாக்கினார்கள். இரங்கலோ இறைஞ்சலோ இல்லாத, நடை போட்டுப் பாடக்கூடிய உற்சாகமான மெட்டு. இதே ஷ்போலியன்ஸ்கிதான் 1928இல், ஒரு பல்பொருள் அங்காடியைக் களமாகக் கொண்ட மேடை நிகழ்ச்சிக்கு இசையமைத்து, அதில் அன்று அவ்வளவாக அறியப்படாத மார்லேன டீட்ரிக்கையும் மார்கோ லயனையும் உயிர்த்தோழிகளைப் பற்றிய ஒரு குறும்புப் பாட்டைச் சேர்ந்து பாட வைத்தவர். இருவரும் ஊதாப் பூக்களைச் சூடிக்கொண்டு பாடினார்கள். அந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். இன்று விழாவின் தலைமை அரங்கம் நிற்கும் சதுக்கத்தின் பெயர் மார்லேன டீட்ரிக் சதுக்கம். சிவப்புக் கம்பளத்தைப் படமெடுக்கக் குவியும் கூட்டத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஊதாப் பூக்கள்தாம் நினைவுக்கு வரும்.

1933 மே 6ஆம் நாள் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிறுவனத்தை நாஜிகள் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து, இன்று பெபல் சதுக்கம் எனப்படும் இடத்தில், அங்கிருந்து அள்ளி வந்த நூல்களையும் மற்ற ஆயிரக்கணக்கான நூல்களையும் கொளுத்தினார்கள். அப்போது வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட், தம் வாழ்நாள் உழைப்பு எரிவதைப் பாரிஸ் நகரத் திரையரங்கு ஒன்றில், செய்திப் படத்தில், மற்றப் பார்வையாளர்களோடு அமர்ந்து பார்த்தார். ஷ்போலியன்ஸ்கி யூதர் என்பதால் அதே ஆண்டில் லண்டனுக்குத் தப்பிப் போனார். திரைப்படம் ஒன்றின் வழியாக மனிதரைக் காக்க முயன்றவருக்கு, திரையிலேயே தம் அழிவைக் காண நேர்ந்தது என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடிவதில்லை.

டெடி பெற்ற இசைப் படங்களில் பெர்லினோடு நேரடி உறவு கொண்டது 2001இல் வென்ற ‘ஹெட்விக் அண்ட் த ஆங்ரி இஞ்ச்’. ஜான் கேமரூன் மிட்செல் எழுதி, இயக்கி, நடித்தது. பாடல்கள் ஸ்டீபன் டிராஸ்க்கினுடையவை. கிழக்கு பெர்லினில் அமெரிக்க வானொலியைக் கேட்டு வளர்ந்த ஒரு பையன், சுவரைத் தாண்டுவதற்காகத் தன் உடலையே விலையாகக் கொடுத்து, பெண்ணின் பெயரோடு அமெரிக்காவில் தனித்து நின்று, உணவகங்களில் ராக் இசை பாடும் கதை. அதில் வரும் ஒரு பாட்டு, ஆதியில் மனிதர்கள் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தார்கள், சிலர் ஆணும் ஆணுமாக, சிலர் பெண்ணும் பெண்ணுமாக, சிலர் ஆணும் பெண்ணுமாக என்று பிளேட்டோ எழுதிய விருந்துக் கதையை எடுத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட பாதியைத் தேடும் வேதனையே காதல் என்கிறது. மேல்வீட்டு அம்மையாருக்கு இந்தப் படத்தின் இரைச்சல் பிடிக்காது. எனக்கோ அந்த ஒரு பாட்டுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தோன்றும்.

நம் நண்பர்களிடையே படங்களைப் பற்றி நன்கு அறிந்தவர்களே சிலர், கலைக்கு விருது தருவதில் இவர்களுக்கென்று தனிப் பந்தி எதற்கு என்று கேட்பதுண்டு. தனிப் பந்தி என்ற சொல்லே இங்கு பொருந்தாது. ‘கமிங் அவுட்’டும் மரீனாவின் கதையும் பொதுப் பந்தியிலும் உண்டு எழுந்தவை. டெடியின் நடுவர்கள் போட்டிப் பிரிவை மட்டும் பார்ப்பதில்லை. விழாவின் எல்லாப் பிரிவுகளிலும் உள்ள கதைப்படம், ஆவணப்படம், பத்து நிமிடக் குறும்படம் ஆகிய அனைத்தையும் பார்க்கிறார்கள். நடுவர்களாக அமர்பவர்கள் பெரும்பாலும் உலகின் பல நகரங்களில் பால்புதுமையர் திரைப்பட விழாக்களைத் தாங்களே நடத்திக்கொண்டிருப்பவர்கள். இங்கே கண்டெடுத்த படங்களை அவர்கள் தத்தம் ஊருக்குக் கொண்டு போகிறார்கள். தன் சொந்த நாட்டில் திரையிட முடியாத ஒரு குறும்படம், பெர்லினில் ஒரு கரடியைத் தொட்டுவிட்டால், அடுத்த ஓராண்டில் எத்தனையோ இருட்டு அரங்குகளில் வெளிச்சம் பெறுகிறது. மும்பையில் 2010இல் தொடங்கிய காஷிஷ் விழாவை எண்ணிப் பாருங்கள். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்த பிறகும், அடுத்த ஆண்டு அவர்கள் விழாவை நிறுத்தவில்லை. சட்டம் குற்றவாளி என்று சொல்லும் ஒருவர் பொதுத் திரையரங்கில் நுழைவுச்சீட்டோடு போய் உட்காருவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் துணைவி அவர்களில் ஒருத்தி.

பால்புதுமையர் என்ற சொல்லை நான் இங்கே விரும்பியே கையாள்கிறேன். அதற்கு இணையான குயர் என்பது ஆங்கிலத்தில் வசைச் சொல்லாக இருந்து, வசைபாடப்பட்டவர்களாலேயே பறித்தெடுக்கப்பட்டுப் பெருமைச் சொல்லானது. ஜெர்மனில் தன்பாலீர்ப்புள்ள ஆணைக் குறிக்கும் ‘ஷ்வூல்’ என்ற சொல்லின் வரலாறும் அதுவே. தமிழிலும் வசைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டபோது, அந்தப் பட்டியலில் புதுமை என்ற சொல்லைக் கண்டு எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது. அன்று மாலை மேல்வீட்டு அம்மையாருக்கு அதை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தேன். ‘ழ’ இல்லாத சொல் என்பதால் விரைவிலேயே கைவந்தது.

விழா நடக்கும் போட்ஸ்டாம் சதுக்கத்திலிருந்து கால் மணி நேர நடையில், டியர்கார்டன் பூங்காவின் ஓரத்தில், சாம்பல் நிறக் கற்காரைப் பாளம் ஒன்று சற்றே சாய்ந்து நிற்கிறது. நாஜி ஆட்சியில் துன்புறுத்தப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவுச்சின்னம், 2008 மே மாதம் திறக்கப்பட்டது. அதன் ஒரு மூலையில், ஓர் ஆள் மட்டும் முகத்தை வைத்துப் பார்க்கக்கூடிய சிறிய சாளரம் உண்டு. உள்ளே ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கும். இருவர் முத்தமிடும் படம், அவ்வளவுதான். டெடி விழா நடக்கும் வெள்ளிக்கிழமையில், மாலைக்கு முன் நாங்கள் மூவரும் அங்கே போய் வருவோம். குளிரில் நம் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிப்போகும். கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். மேல்வீட்டு அம்மையார் தாம் பின்னிய கையுறையாலேயே துடைப்பார்.

மரீனாவின் கதை 2018 மார்ச்சில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் சிலி அதிபர் பாலின அடையாளச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 6ஆம் நாள், நம் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து நம்மை விடுவித்தது. தீர்ப்பு வந்த அன்று அம்மாவுக்குத் தொலைபேசியில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் வீட்டில் என்னோடு இருப்பவள் யார் என்பது அம்மாவுக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேசியதில்லை. அதனால் அந்தப் படத்தின் கடைசிப் பாட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா அழைத்தார்.

“இது உங்க பெரியப்பா கோயில்ல வாசிக்கிறதுல்லா?”

“ஆமாம்மா.”

“இதுக்கு வார்த்தை உண்டுன்னு இவ்வளவு நாளும் தெரியாம போச்சே. யாரு அந்தப் பிள்ளை? நல்லா பாடுதா. பெரியப்பாவுக்கும் அனுப்பு, கேக்கட்டும்.”